ஒரு நீல ஆஸ்டருக்குப் பெயர் கண்டுபிடித்த கதை: சிகாகோ பக்கத்துப் புல்வெளிக் குறிப்புகள்

முந்தின வருடம் செப்டம்பர் கடைசி வாரம், சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும், சைக்கிள் பாதையோரம் இரண்டு செடிகள் நாலடி இடைவெளியில் பூத்து நின்றன. ஒன்று என் தோள் உயரம், அடர்ந்த ஊதா. இன்னொன்று முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, வெளிறிய நீலம். இரண்டிலும் பூ நடுவில் மஞ்சள் பொட்டு. இரண்டையும் 'நியூ இங்கிலாந்து ஆஸ்டர்' என்று நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உயரமானதுக்கு எழுதியது சரி. குட்டையானதுக்கு எழுதியது தப்பு, அதைத் திருத்த ஒரு வருடம் பிடித்தது. இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டும் வேறு யாருக்காவது உதவும் என்று, செய்ததை எல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் செடி அங்கே நிற்பதற்கே அந்த இடம்தான் காரணம். சிகாகோவுக்கு மேற்கே டூபேஜ் கவுண்டியில் ஓடுகிற இல்லினாய் ப்ரெய்ரி பாத் என்ற பாதை அது. ஒரு காலத்தில் சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் என்ற மின்சார ரயில் ஓடிய தடம். 1957-ல் பயணிகள் ரயில் நின்றது, இரண்டு வருடத்தில் சரக்கு ரயிலும் நின்றது, தடம் அப்படியே கிடந்தது. 1963-ல் மோர்ட்டன் ஆர்போரேட்டம் என்ற மரப் பூங்காவில் இயற்கை பற்றிக் கற்பித்த மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற அம்மையார், இதை நடைபாதையாக்க வேண்டும் என்று சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்றைக்கு நான் சைக்கிள் மிதிக்கும் பாதை அந்தக் கடிதத்திலிருந்து வந்தது. இல்லினாயில் 2.2 கோடி ஏக்கர் ப்ரெய்ரிப் புல்வெளி இருந்தது என்பார்கள். 1837-ல் ஜான் டியர் இதே மாநிலத்தின் கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில் எஃகுக் கலப்பை செய்த பிறகு, வேர் பின்னிக் கிடந்த அந்தக் கறுப்பு மண்ணை உழுவது சுலபமாகிவிட்டது. கெடாமல் மிஞ்சியது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கலப்பை போகாத இடங்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் பழைய கல்லறைத் தோட்டங்களும் ரயில் தண்டவாள ஓரங்களும்தான். அதனால் இந்தப் பாதையோரத்தில் ஒரு பூவைப் பார்த்தால் அதைச் சும்மா 'ஊதாப் பூ' என்று கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்டர் பூவைப் பற்றி அடிப்படையான ஒரு விஷயம். நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு பூ அல்ல, பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. சுற்றிலும் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள், நடுவில் மஞ்சளாகக் குவிந்திருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இதே குடும்பம். ஊரில் காயம் பட்டால் கசக்கித் தடவுவோமே வெட்டுக்காயப் பூண்டு, அதன் சின்ன மூக்குத்திப் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஆஸ்டரின் அமைப்பு உடனே பிடிபடும். இந்த மஞ்சள் பொட்டு நாளாக நாளாகச் சிவந்து ஊதாவாக மாறும். ஒரே கிளையில் மஞ்சள் நடுவும் செந்நிற நடுவும் சேர்ந்து இருப்பதைப் பார்த்து, இரண்டு வகை கலந்து வளர்கிறதோ என்று முதல் வாரம் வீணாகக் குழம்பினேன். வயது வித்தியாசம்தான், வேறொன்றும் இல்லை.

ஆஸ்டரே இல்லாத இரண்டைச் சீக்கிரமே கழித்துவிடலாம். ஒன்று சிக்கரி. ஆமாம், நம் ஃபில்டர் காபித் தூளில் கலக்கிறோமே, அதே சிக்கரிதான், இங்கே சாலையோரக் களையாக நீல நீலமாகப் பூத்துக் கிடக்கும். அதில் மஞ்சள் நடு கிடையாது, ஒவ்வொரு இதழின் நுனியும் ஐந்து பல்லாக வெட்டுப்பட்டிருக்கும், தண்டைக் கிள்ளினால் பால் வரும். இரண்டாவது ஃப்ளீபேன். அது ஆஸ்டரின் சின்னத் தங்கை மாதிரியே இருக்கும், ஆனால் பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையின் முன்பாதியிலும் பூத்து ஓயும், பூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இருக்கும் பச்சைச் செதில்கள் ஒரே உயரத்தில் வேலி கட்டின மாதிரி நிற்கும். ஆஸ்டரில் அவை ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். என் நீலப் பூவில் கூரை ஓடுதான் இருந்தது. அப்போ ஆஸ்டர் என்பது உறுதி.

எந்த ஆஸ்டர் என்பதில்தான் பிரச்சினை. போனில் இருக்கும் ஒரு செயலியிடம் ஒரே செடியின் மூன்று படங்களைக் கொடுத்தேன், மூன்று பெயர் வந்தது. அதைக் குறை சொல்ல முடியாது, நான் கொடுத்த மூன்றும் பூவை மட்டும் மேலிருந்து எடுத்த படம். அப்புறம் பெயர்களே ஒரு காடு. வட அமெரிக்காவின் ஆஸ்டர்கள் எல்லாம் வெகுகாலம் 'ஆஸ்டர்' என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 1994-ல் கை நெசம் என்ற தாவரவியலாளர் அவற்றைப் பிரித்து எடுத்தார், பெரும்பகுதி சிம்ஃபியோட்ரைக்கம் என்ற பேரினத்துக்குப் போய்விட்டது. ஆக, பழைய புத்தகத்தில் ஆஸ்டர் அஸூரியஸ் என்று இருப்பதும் இன்றைக்கு சிம்ஃபியோட்ரைக்கம் ஊலென்டாங்கியென்சே என்று இருப்பதும் ஒரே செடி. இது தெரியாமல் இரண்டையும் வேறு வேறாக நினைத்து இரண்டு பக்கம் ஒப்பீடு எழுதி வைத்திருந்தேன்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, ஆறு அங்குல ஸ்கேல், பென்சில், நோட்டு, பூவுக்குப் பின்னால் பிடிக்க ஒரு கறுப்புத் துணி. வெளிறிய இதழ்களைப் புல்லின் பின்னணியில் படம் எடுத்தால் விளிம்பே தெரியாது, கறுப்புத் துணி பிடித்தால் ஒவ்வொரு இதழையும் எண்ணலாம். பாதையோரச் செடிகளைப் பறிக்கக் கூடாது, அது சட்டமும்கூட, அதனால் எல்லாமே செடி நிற்கிற இடத்திலேயே குனிந்தும் மண்டியிட்டும் பார்த்ததுதான். மேலிருந்து ஒரு படம் எடுத்ததும், உடனே பூவைப் பக்கவாட்டில் சாய்த்து அடிச்செதில்களை எடுங்கள், பிறகு தண்டின் நடுப்பகுதியில் இலை தண்டோடு சேரும் இடம், அப்புறம் தண்டை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து அதன் ரோமம், கடைசியில் தரையோடு ஒட்டின இலை. இதில் இலை தண்டைச் சேரும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியம். பூவின் நிறத்துக்குக் கடைசி இடம், ஏனென்றால் ஒரே வகை ஊதாவிலிருந்து இளஞ்சிவப்பு வரை போகும், சமயத்தில் வெள்ளையாகவே வரும்.

உயரமான செடி பத்து நிமிடத்தில் முடிந்தது. இலைகளுக்குக் காம்பே இல்லை, இலையின் அடி இரண்டு காது மாதிரி பின்னால் நீண்டு தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது. தண்டு முழுக்க விறைப்பான ரோமம். பூவடிச் செதில்கள் மெலிந்து வெளிப்பக்கம் சுருண்டு ஊதா பூசியிருந்தன, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு சுரப்பி. கதிர்ச் சிறுமலர்களை எண்ணினேன், ஒரு பூவில் 62, இன்னொன்றில் 58. இந்தப் பகுதியின் மற்ற ஆஸ்டர்களில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. சிம்ஃபியோட்ரைக்கம் நோவே-ஆங்லியே, நியூ இங்கிலாந்து ஆஸ்டர். சந்தேகமே இல்லை.

குட்டைச் செடியில் எண்ணினால் 17, 14, 19. பூவும் சின்னது, ஒரு அங்குலத்துக்குள். பிசுபிசுப்பு இல்லை, இலை தண்டைக் கட்டிப் பிடிக்கவில்லை. மேல்கிளைகளில் இலை என்று சொல்லும்படியாகவே ஒன்றும் இல்லை, சின்னச் சின்னச் செதில் மாதிரிதான் இருந்தது, அதனால் செடி மேலே வெறிச்சென்று, பூக்கள் கம்பியில் கோத்த மாதிரி தெரிந்தது. என் பட்டியலில் மூன்று பெயர் மிஞ்சின. ஸ்மூத் ப்ளூ ஆஸ்டர், ஸ்கை ப்ளூ ஆஸ்டர், டிரம்மண்ட் ஆஸ்டர். மூன்றும் நீலம், மூன்றும் இதே மாதங்களில் பூப்பவை. முதல் இரண்டிலும் பூவடிச் செதிலின் நுனியில் வைர வடிவத்தில் ஒரு பச்சைப் பொட்டு இருக்கும், அதனால் செதிலை வைத்து அவற்றைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்கு நல்ல யோசனை என்று பட்ட ஒன்றைச் செய்தேன். ஒரு செடி விற்பனையில் 'ஸ்கை ப்ளூ ஆஸ்டர்' என்று அட்டை குத்தியிருந்த தொட்டி ஒன்றை வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் வைத்தேன். பெயர் தெரிந்த செடி கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம் அல்லவா. தொட்டிச் செடியின் இலையைத் தடவினால் வழவழவென்று இருந்தது, மேலே எருக்க இலையில் இருக்குமே, அந்த மாதிரி வெளிறிய மாவுப்பூச்சு, விரலால் தேய்த்தால் அந்த இடம் கரும்பச்சையாகும். பாதையோரச் செடியின் இலையோ உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஆக, ஸ்கை ப்ளூ என்றால் வழவழப்பு, என்னுடையது சொரசொரப்பு, அப்போ என்னுடையது ஸ்கை ப்ளூ இல்லை, டிரம்மண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்து எழுதினேன். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

நவம்பரில் பனி விழுந்து செடிகள் காய்ந்த பிறகு வேலை வீட்டுக்குள் வந்தது. ஃபீல்டு அருங்காட்சியகம், மோர்ட்டன் ஆர்போரேட்டம் மாதிரி இடங்களில் இருக்கும் உலர்தாவரத் தாள்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், செடியை வேரிலிருந்து பூ வரை அழுத்திக் காயவைத்து ஒட்டின தாள்கள். அவற்றை உட்கார்ந்து பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. டிரம்மண்டின் இலைகள் அகன்று, இதய வடிவில், விளிம்பு நெடுக ரம்பப் பல், காம்பின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒரு பட்டை. என் படங்களில் அந்தப் பல்லும் இல்லை, பட்டையும் இல்லை. தவிர அது மரநிழல் ஓரத்துச் செடி, என்னுடையது நாள் முழுக்க வெயில் காயும் சரளை மேட்டில் நிற்கிறது. தாள்களில் இருந்த ஸ்கை ப்ளூவுக்கு அடியில் நீண்ட காம்போடு இலைகள் இருந்தன. என் படங்களில் அடியிலை ஒன்றுகூட இல்லை. செப்டம்பரில் பார்த்தபோது பெரும்பாலும் காய்ந்து போயிருந்தது, மிஞ்சியதைப் புல்லை விலக்கிப் பார்க்க நான் மெனக்கெடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க என்னை உறுத்தியது அதுதான்.

நல்லவேளையாக இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். போனில் ஒரு புள்ளி வைத்தது மட்டும் போதாது, அது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிக் காட்டும். வேலிக் கம்பத்திலிருந்து தெற்கே 11 காலடி, பாதை விளிம்பிலிருந்து 4 காலடி என்று எழுதியிருந்தேன். ஏப்ரலில் அந்தத் துண்டு நிலத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். இங்கே ப்ரெய்ரிகளைப் பராமரிப்பதே அப்படித்தான், காய்ந்த புல்லை எரித்தால் புதர்களும் மரக்கன்றுகளும் ஒழியும், வேர் ஆழத்தில் இருக்கும் ப்ரெய்ரிச் செடிகள் மறுபடி துளிர்க்கும். மே இரண்டாவது வாரம் நான் போனபோது கறுப்புத் தரையில் பச்சை எங்கே இருந்தாலும் பளிச்சென்று தெரிந்தது. பதினோராவது காலடியில் இருந்தது. தரையோடு ஆறேழு இலை, ஒவ்வொன்றுக்கும் இலையின் நீளத்துக்குக் காம்பு, இலையின் அடி லேசாக உள்வாங்கி, இதய வடிவமா இல்லையா என்று தயங்க வைக்கிற அளவுக்கு ஒரு வளைவு, விளிம்பில் பல் இருந்தும் இல்லாத மாதிரி, காம்பில் பட்டை இல்லை. தடவினால் மேலும் கீழும் சொரசொரப்பு. குளிர்காலம் முழுக்கத் திரையில் பார்த்த ஸ்கை ப்ளூவின் அடியிலை அப்படியே கண்முன்னால்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். அதன் இளம் இலைகள் காம்பு நோக்கிச் சரிந்து குறுகின, வளைவே கிடையாது, மாவுப்பூச்சோடு வழவழவென்று இருந்தன. ஜூலையில் தண்டு எழும்பியதும் இலைகள் தண்டைக் கட்டிப் பிடித்தன. அது ஸ்மூத் ப்ளூ ஆஸ்டர், சிம்ஃபியோட்ரைக்கம் லேவே. லேவே என்றால் லத்தீனில் வழவழப்பானது என்றே அர்த்தம். அட்டை மாறிக் குத்தப்பட்டிருந்தது. விற்றவர்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், பூக்காத ஆஸ்டர் கன்றுகள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தால் அட்டை மாறுவது சகஜம். ஆனால் எட்டு மாதம் நான் செடியை நம்பாமல் அட்டையை நம்பினேன். இப்போது எந்தச் செடி வாங்கினாலும் அதன் இலையை வைத்து முதலில் அட்டையைச் சோதிக்கிறேன்.

மறுபடி செப்டம்பர் வந்தது. இந்தத் தடவை மகளையும் கூட்டிப் போனேன், ஒன்பது வயது. நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்பதற்காகக் கண்ணை மூடச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன ஸ்மூத் ப்ளூ இலை ஒன்றைக் கையில் கொடுத்தேன், அது நம் தொட்டிச் செடி என்பதால் பறிப்பதில் தப்பில்லை. பிறகு அவள் விரலைப் பிடித்துப் பாதையோரச் செடியின் நடு இலை மேல் வைத்தேன். "அப்பா, முதல்ல கொடுத்தது பலூன் மாதிரி. இது பூனை நாக்கு" என்றாள். நான் எழுதி வைத்திருந்த எல்லா ஒப்பீட்டையும்விட அது துல்லியம், நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு இருவரும் புல்லை விலக்கித் தரையைப் பார்த்தோம். பாதி பழுத்து, ஓரம் சுருண்டு, காம்போடு இரண்டே இரண்டு அடியிலை இன்னும் உயிரோடு இருந்தது. போன வருடமும் இருந்திருக்கும். கதிர்ச் சிறுமலர்கள் ஐந்து பூக்களில் 13 முதல் 20 வரை. உயரம் 28 அங்குலம்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு மொனார்க் வண்ணத்துப்பூச்சி வந்து உயரமான ஆஸ்டரில் உட்கார்ந்தது, அது மெக்ஸிகோவுக்குப் போகிற வழி. கோல்டன்ராடும் ஆஸ்டரும் விட்டால் அந்தச் சமயத்தில் இங்கே அதற்குத் தேன் கிடைக்கும் செடிகள் குறைவு. நீலப் பூக்களில் பம்பிள் தேனீக்கள் குளிரில் மெதுவாக, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தன. ஓர் இலை ஓரமாக அரிக்கப்பட்டிருந்தது. பேர்ல் கிரசென்ட் என்ற சின்ன ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழு ஆஸ்டர் இலையைத்தான் தின்னும், அதுவாக இருக்கலாம், புழு கண்ணில் படவில்லை. இலை கடிபட்டிருக்கிறதே என்று யாரும் மருந்தடித்துவிடக் கூடாது.

ஸ்கை ப்ளூ ஆஸ்டரின் அந்த நாக்குச் சுளுக்கும் அறிவியல் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மகள் கேட்டதால் தேடினேன். ஒஹாயோ மாநிலத்தில் ஓலென்டாங்கி என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஜான் ரிடெல் என்ற தாவரவியலாளர் 1835-ல் இந்தச் செடியை விவரித்தபோது அந்த ஆற்றின் பெயரை வைத்தார், எழுதும்போது பெயரின் தொடக்கத்தில் ஆங்கில 'o' எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது, அறிவியல் பெயரில் அது இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஊலென்டாங்கியென்சே. வாயில் நுழைய இரண்டு நாள் ஆகும், நுழைந்துவிட்டால் சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரே ஒரு செடியை வைத்து முடிவு எடுக்காதீர்கள், ஆஸ்டர்கள் தங்களுக்குள் கலக்கும், நடுவாந்திரமாக ஒன்று நின்றால் அதற்கு எந்தப் பெயரும் முழுசாகப் பொருந்தாது. நான் அதே மேட்டில் இருநூறு அடிக்குள் இன்னும் ஒன்பது செடிகளைத் தேடிப் பார்த்த பிறகுதான் நோட்டில் மையால் எழுதினேன். ஒன்பதிலும் இலை பூனை நாக்குதான். ஓடையோரம் ஈரத்தில் வெள்ளையாக ஓர் ஆஸ்டர் கூட்டம் நிற்கிறது, அதைப் படம் மட்டும் எடுத்து, இடத்தைக் காலடிக் கணக்கில் குறித்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை, மே மாதம் போய் அடியிலையைப் பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் இருந்த பழைய அட்டையைப் பிடுங்கிவிட்டு அலுமினியத் துண்டு ஒன்றில் பென்சிலால் 'ஸ்மூத் ப்ளூ ஆஸ்டர்' என்று எழுதிக் குத்தினேன். மார்க்கரால் எழுதினால் ஒரு கோடை வெயிலிலேயே வெளுத்துவிடும், பென்சில் பல வருடம் நிற்கும்.